பிளக் ஒன்று, வழி வேறு

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி. ஒடிசா கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. பல ஊர்களிலிருந்து ஒரு சேதியும் வெளியே வரவில்லை. எந்த ஊருக்கு முதலில் அரிசி அனுப்புவது? எங்கே மருந்து தேவை? எங்கே படகு தேவை? கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அப்போது சிலர் சிறிய பெட்டிகளோடும் பேட்டரிகளோடும் புயல் பகுதிக்குப் போனார்கள். கம்பி கட்டினார்கள். பேசினார்கள். சேதி வெளியே வந்தது. அவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி குஜராத்தின் கட்ச் பகுதியில் பூகம்பம் வந்தது. அங்கும் அவர்கள் போனார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலகத்தின் மற்ற நாட்டு ஹாம்களோடு பேசுவதற்காக அவர் அங்கே போயிருந்தார். டிசம்பர் 26ஆம் தேதி பூகம்பமும் சுனாமியும் வந்தன. தொலைபேசி நின்றுபோனது. விளையாட்டாகப் பேச வந்த கருவி, தீவையும் இந்தியாவின் மற்றப் பகுதிகளையும் இணைக்கும் கருவி ஆனது. உறவினர்களின் நிலையை அறியத் தவித்தவர்களுக்கு அதன் வழியாகச் சேதி போனது.

இப்படிப்பட்ட நேரத்தில் பல ஊர்களிலிருந்து ஹாம்கள் வந்து சேருவார்கள். ஒருவர் கருவி ஒரு கம்பெனி. இன்னொருவர் கருவி வேறு கம்பெனி. வழியில் ஒருவருடைய மைக் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நன்றாக இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. மைக் மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உபரியாக ஒரு மைக் இருக்கிறது. அது வேறு கம்பெனி மைக். ஆனால் பிளக் அதே மாதிரி இருக்கிறது. செருகினால் சரியாகப் பொருந்துகிறது. திருகினால் இறுகுகிறது.

அப்படியே பேசலாமா?

கூடாது. ஏன் கூடாது, வேறு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

ஹாம் பெட்டி எப்படி வேலை செய்கிறது?

வீட்டு ரேடியோவில் கேட்க மட்டுமே முடியும். ஹாம் ரேடியோவில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். இரண்டு வேலையும் ஒரே பெட்டிக்குள். இதற்கு ட்ரான்ஸீவர் என்று பெயர். இதை வைத்துப் பேச அரசின் உரிமம் வேண்டும். தேர்வு எழுதித் தேற வேண்டும். உரிமம் பெற்றவருக்கு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2ஆர்.ஜி.

தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். குறுக்கே பேசிச் சண்டையும் போடலாம்! ஹாம் ரேடியோவில் அது முடியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். மைக்கின் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பெட்டி பேசும் வேலைக்கு மாறும். விட்டால் கேட்கும் வேலைக்குத் திரும்பும். பேசி முடித்தவர் "ஓவர்" என்று சொல்லிப் பட்டனை விடுவார்.

ஆகவே ஹாம் மைக் என்பது மேடை மைக் போன்றது அல்ல. மேடை மைக் குரலை மட்டும் அனுப்பும். ஹாம் மைக் குரலையும் அனுப்பும், பட்டனின் கட்டளையையும் அனுப்பும். இன்னும் சில வேலைகளும் அதற்கு உண்டு. பல மைக்குகளில் மேல், கீழ் என்று இரண்டு சிறு பட்டன்கள் இருக்கும். அவற்றை அழுத்தி அலைவரிசையை மாற்றலாம். சில மைக்குகளுக்குப் பெட்டியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வர வேண்டும். இத்தனைக்கும் தனித்தனிக் கம்பி வேண்டும் அல்லவா? அதனால்தான் மைக் வயருக்குள் பல நிறத்தில் மெல்லிய கம்பிகள் போகின்றன.

மைக்குக்குள் இருப்பது

மைக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு விதங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, டைனமிக் மைக். இதில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. தகட்டின் பின்னால் சிறு கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிக் காந்தம். பேசும்போது தகடு அதிரும். சுருளும் கூடவே ஆடும். காந்தத்தின் அருகே சுருள் ஆடினால் அதில் மின்சாரம் பிறக்கும். ஸ்பீக்கரில் நடப்பதற்கு நேர் எதிர் இது. ஸ்பீக்கர் மின்சாரத்தை ஒலி ஆக்குகிறது. டைனமிக் மைக் ஒலியை மின்சாரம் ஆக்குகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் வேண்டாம்.

மற்றொன்று, கண்டென்சர் மைக். பார்க்கச் சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். பழைய டேப் ரெக்கார்டரின் முகப்பில் ஒரு சிறு துளை இருக்குமே, அதன் பின்னால் இருந்தது இந்த வகைதான். இது தானாக வேலை செய்யாது. சில வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் பேசும். கொடுக்காவிட்டால் ஊமை.

இரண்டிலும் பிறக்கும் மின்சாரம் மிகமிகச் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கின் பெயர் மில்லிவோல்ட். மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். பெட்டி அதைப் பெருக்கி 100 வாட் ஆக்கி வானத்துக்கு அனுப்புகிறது. இதை மறக்கக் கூடாது. மைக் கம்பியில் நுழையும் சின்னத் தூசும் கூடவே பெரிதாகிப் போகும்.

எட்டுப் பின்கள்

மைக் வயரின் முனையில் வட்டமான உலோகப் பிளக் இருக்கும். அதற்குள் எட்டுத் துளைகள். பெட்டியின் முகப்பில் அதற்கேற்ற சாக்கெட். அதில் எட்டுச் சிறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் பின் என்பார்கள். ஏழு பின்கள் வட்டமாக நிற்கும். எட்டாவது நடுவில் நிற்கும். பழைய பெட்டிகள் சிலவற்றில் நான்கு பின்தான். இப்போதைய சிறிய பெட்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயரில் வருவது போன்ற பிளாஸ்டிக் பிளக்கும் உண்டு. ஆனால் மேசை மேல் வைக்கும் பெட்டிகளில் அதிகம் காண்பது இந்த எட்டுப் பின் வட்டப் பிளக்தான்.

இந்தியாவில் ஹாம்களிடம் அதிகம் காணப்படும் பெட்டிகளில் மூன்று ஜப்பானியக் கம்பெனிகளின் பெட்டிகள் முக்கியமானவை. ஐகாம், கென்வுட், யாயேசு. மூன்றும் ஒரே மாதிரியான எட்டுப் பின் சாக்கெட்டைப் பயன்படுத்தின. ஆனால் எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்பதை மூன்றும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டன. மூன்று வீட்டுக்கும் பூட்டு ஒரே அளவு. உள்ளே அறைகள் வேறு வேறு. பேசி வைத்து ஒன்றாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதன் சிரமம் வாங்கியவர் தலையில் விழுந்தது.

ஐகாம் பெட்டியில் 1ஆம் பின் குரலுக்கு. 2ஆம் பின்னில் 8 வோல்ட் மின்சாரம் வெளியே வரும். 3ஆம் பின் மேல்-கீழ் பட்டன்களுக்கு. 4ஆம் பின் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் வேலைக்கு. 5ஆம் பின் பேசும் பட்டனுக்கு. 6ஆம் பின் அந்தப் பட்டனின் எர்த். 7ஆம் பின் குரலின் எர்த். 8ஆம் பின்னில் பெட்டி கேட்கும் ஒலி வெளியே வரும்.

கென்வுட் பெட்டியில் 1ஆம் பின் குரலுக்கு. 2ஆம் பின் பேசும் பட்டனுக்கு. 3ஆம் பின் கீழ் பட்டனுக்கு, 4ஆம் பின் மேல் பட்டனுக்கு. 5ஆம் பின்னில் பல மாடல்களில் 8 வோல்ட் வரும். சிலவற்றில் ஒன்றும் வராது. 6ஆம் பின் பல மாடல்களில் சும்மா நிற்கும். 7ஆம் பின் குரலின் எர்த். 8ஆம் பின் பட்டனின் எர்த்.

யாயேசுவின் எட்டுப் பின் பெட்டியில் எல்லாம் இடம் மாறிவிடும். 1ஆம் பின் மேல் பட்டனுக்கு. 2ஆம் பின்னில் 5 வோல்ட் வரும். 3ஆம் பின் கீழ் பட்டனுக்கு. 4ஆம் பின் வேகமாக அலைவரிசை மாற்றும் பட்டனுக்கு. 5ஆம் பின் எர்த். 6ஆம் பின் பேசும் பட்டனுக்கு. 7ஆம் பின் குரலின் எர்த். குரல் போவது 8ஆம் பின்னில், நடுவில் நிற்கும் அந்தப் பின்னில்.

எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று கேள்வி போதும். குரல் எதில்? பட்டன் எதில்? வோல்ட் எதில்? பெட்டியின் கையேட்டில் மைக் சாக்கெட் படம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் சிறு மாற்றம் உண்டு.

மாற்றிச் செருகினால் என்ன ஆகும்?

ஐகாம் மைக்கை யாயேசு பெட்டியில் செருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐகாம் மைக்கின் பட்டன் 5ஆம் பின்னையும் 6ஆம் பின்னையும் இணைக்கும். யாயேசு பெட்டியில் 5ஆம் பின் எர்த், 6ஆம் பின் பேசும் பட்டன். ஆகவே பட்டனை அழுத்தியதும் பெட்டி பேசும் வேலைக்கு மாறிவிடும். சிவப்பு விளக்கு எரியும். பேசுபவருக்கு மகிழ்ச்சி. ஆனால் குரல் 1ஆம் பின்னில் போகிறது. யாயேசுவில் அது அலைவரிசையை ஏற்றும் வழி. குரல் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். வெளியே ஒரு சொல்லும் போகாது. விளக்கு எரிகிறதே என்று நம்பி, மருந்து வேண்டும், படகு வேண்டும் என்று ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். கேட்பதற்கு மறுமுனையில் ஒன்றும் வராது. இது பெட்டி கெடுவதைவிட ஆபத்தானது. பெட்டி கெட்டால் உடனே தெரியும். இது தெரியாது.

கென்வுட் மைக்கை ஐகாம் பெட்டியில் செருகினால் வேறு கதை. இரண்டிலும் குரல் 1ஆம் பின்னில். எர்த் 7ஆம் பின்னில். "ஆஹா, ஒத்துப்போகிறதே" என்று தோன்றும். இங்கேதான் ஏமாற்றம். கென்வுட் மைக்கின் பட்டன் 2ஆம் பின்னையும் 8ஆம் பின்னையும் இணைக்கும். ஐகாம் பெட்டியில் 2ஆம் பின்னில் 8 வோல்ட் நிற்கிறது. 8ஆம் பின் ஒலி வெளியே வரும் வழி. பட்டனை அழுத்தியதும் 8 வோல்ட் மின்சாரம் நேரே ஒலி வழிக்குள் நுழையும். அந்த வோல்ட்டைத் தரும் பகுதி மிகச் சிறிய மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. 10 மில்லி ஆம்பியர்தான் அதன் சக்தி. உள்ளே ஏதாவது கருகலாம்.

பிளக் பொருந்துகிறது என்பது ஒரு சாட்சி அல்ல.

இணைப்பு வயர்

கையில் இருக்கும் நல்ல மைக்கின் பிளக்கை வெட்டி எறிய வேண்டாம். நாளை அதன் சொந்தப் பெட்டிக்கு அது தேவைப்படும். அதற்குப் பதில் ஒரு சாண் நீளத்தில் இணைப்பு வயர் ஒன்று செய்யலாம். ஒரு முனையில் மைக்கின் பிளக்கை ஏற்கும் சாக்கெட். மறுமுனையில் பெட்டிக்குள் செருகும் பிளக். நடுவில் கம்பிகள் இடம் மாறிப் போகும். மும்பையின் லாமிங்டன் சாலை, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களில் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. எட்டுப் பின் பிளக்கும் சாக்கெட்டும் அங்கே தேடலாம்.

ஓர் உதாரணம் பாருங்கள். யாயேசுவின் டைனமிக் மைக் இருக்கிறது. பெட்டி ஐகாம். மைக்கின் 6ஆம் பின், அதாவது பட்டன், பெட்டியின் 5ஆம் பின்னுக்குப் போக வேண்டும். மைக்கின் 5ஆம் பின், அதாவது எர்த், பெட்டியின் 6ஆம் பின்னுக்குப் போக வேண்டும். குரலின் எர்த் இரண்டிலும் 7, நேராகப் போகும். குரல் மைக்கின் 8ஆம் பின்னிலிருந்து பெட்டியின் 1ஆம் பின்னுக்குப் போக வேண்டும். மேல்-கீழ் கம்பிகளை விட்டுவிடலாம். ஐகாமில் இரண்டு பட்டனுக்கும் ஒரே பின்தான். மேல் பட்டன் அதை நேரே எர்த்தோடு சேர்க்கும். கீழ் பட்டன் 470 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்க்கும். மற்ற இரு கம்பெனிகளும் தனித்தனிப் பின் வைத்திருக்கின்றன. பேசுவதற்கு இவை தேவை இல்லை. அலைவரிசையைப் பெட்டியில் உள்ள குமிழைத் திருகியே மாற்றலாம்.

நான்கு கம்பி சேர்த்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. ஐகாம் கம்பெனியின் மைக்குகள் பெரும்பாலும் கண்டென்சர் வகை. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை ஐகாம் பெட்டி தனிக் கம்பியில் அனுப்புவதில்லை. குரல் வரும் அதே 1ஆம் பின் வழியாகவே அனுப்புகிறது. ஒரே பாதையில் மின்சாரம் போகிறது, குரல் வருகிறது. டைனமிக் மைக்கை நேரே இணைத்தால் அந்த மின்சாரம் அதன் மெல்லிய சுருளுக்குள் ஓடும். தகடு ஒரு பக்கமாக இழுபடும். குரல் கெடும்.

இதற்கு ஒரு காவல்காரன் உண்டு. கெப்பாசிட்டர். பேட்டரி மின்சாரம் போல ஒரே பக்கமாக ஓடும் மின்சாரத்தை அது தடுத்துவிடும். குரலைப் போல ஆடி ஆடி வரும் மின்சாரத்தை விட்டுவிடும். 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை உள்ள ஒரு கெப்பாசிட்டரைக் குரல் கம்பியின் நடுவில் வைத்தால் போதும். கூட்டல், கழித்தல் குறி போட்ட வகையாக இருந்தால் கூட்டல் முனை ஐகாம் பெட்டியின் பக்கம் இருக்க வேண்டும். மின்சாரம் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது? டைனமிக் மைக் கொஞ்சம் மெதுவாகப் பேசும். பெட்டியில் மைக் கெய்ன் என்ற குமிழைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம்.

தலைகீழாக, சாதாரணக் கண்டென்சர் மைக்கைக் கென்வுட் பெட்டியில் இணைக்க வேண்டுமானால்? இப்போது மைக் மின்சாரம் கேட்கும். பெட்டியின் 1ஆம் பின் அதைத் தராது. 5ஆம் பின்னில் 8 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். வந்தால் அங்கிருந்து 2.2 முதல் 4.7 கிலோ ஓம் வரை உள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாக மைக்கின் குரல் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கலாம். அந்த இடத்திலிருந்து கெப்பாசிட்டர் வழியாக 1ஆம் பின்னுக்குக் குரலை அனுப்ப வேண்டும். இம்முறை கூட்டல் முனை மைக் பக்கம். 5ஆம் பின்னில் ஒன்றும் வராத மாடலாக இருந்தால் இரண்டு பென்சில் பேட்டரியை ஒரு சிறு டப்பாவில் வைத்து 3 வோல்ட் கொடுத்தாலும் மைக் வேலை செய்யும். யாயேசு பெட்டியில் இதே வேலையை 2ஆம் பின்னின் 5 வோல்ட்டைக் கொண்டு செய்யலாம். குரல் 8ஆம் பின்னுக்குப் போகும்.

மைக் எந்த வகை என்று தெரியவில்லையா? மல்டிமீட்டரை ஓம் அளக்கும் நிலையில் சிறிய அளவில் வைத்து, குரல் கம்பியிலும் குரல் எர்த்திலும் தொட்டுப் பாருங்கள். டைனமிக் மைக்காக இருந்தால் சில நூறு ஓம் காட்டும். மைக்கைக் காதருகே வைத்துக்கொண்டு தொட்டால் உள்ளே "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். கண்டென்சர் மைக்கில் அந்தச் சத்தம் வராது. சில மைக்குகளில் பட்டனை அழுத்தினால்தான் குரல் கம்பி இணையும். அதனால் அழுத்திக்கொண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பட்டன் கம்பிகளைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. மீட்டரை இரண்டு இரண்டு பின்னாகத் தொட்டு, பட்டனை அழுத்தி அழுத்தி விட வேண்டும். எந்த இரண்டில் அழுத்தும்போது இணைப்பும் விடும்போது பிரிவும் காட்டுகிறதோ அவையே பட்டன் கம்பிகள். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு மைக்கில் சிவப்பு குரலாக இருக்கும். இன்னொன்றில் சிவப்பு பட்டனாக இருக்கும். கண்டதை உடனே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

கண்ணாடிப் பிழை

இந்த வேலையில் கெட்டிக்காரர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் வலது கையை விரித்து உள்ளங்கையைப் பாருங்கள். கட்டை விரல் ஒரு பக்கம் இருக்கிறது. கையைத் திருப்பிப் புறங்கையைப் பாருங்கள். கட்டை விரல் மறுபக்கம் போய்விட்டது. கை அதேதான். பார்க்கும் பக்கம் மாறிவிட்டது.

பிளக்கும் அப்படித்தான். கையேட்டில் உள்ள படம் பெட்டியை முன்னாலிருந்து பார்த்து வரைந்தது. நீங்கள் ஈயம் வைப்பதோ பிளக்கின் பின்பக்கத்தில். சாக்கெட்டை முன்னால் பார்த்தால் பின்கள் ஒரு பக்கமாகச் சுற்றும். அதே சாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். படத்தை மட்டும் பார்த்து இடது, வலது என்று எண்ணினால் வரிசை தலைகீழாகிவிடும். ஆகவே இடத்தைப் பார்த்து எண்ண வேண்டாம். பிளக்கிலும் சாக்கெட்டிலும் ஒவ்வொரு பின்னின் அருகே கடுகளவு எழுத்தில் எண் பொறித்திருக்கும். நல்ல வெளிச்சத்தில், தேவைப்பட்டால் பூதக்கண்ணாடி வைத்து, அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

ஈயம் வைக்கும்போது

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். அதிகச் சூடு பின்னைத் தாங்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பின் சாய்ந்துபோகும். கம்பியின் நுனியில் முதலில் கொஞ்சம் ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். பின்னின் குழியிலும் கொஞ்சம் ஈயம் விட வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு விநாடி சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கம்பிக்கும் மெல்லிய உறை போட்டால் பக்கத்துக் கம்பியோடு ஷார்ட் ஆகாது.

பிளக்கின் மேல்மூடியை முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும். எட்டுக் கம்பிக்கும் அழகாக ஈயம் வைத்து முடித்த பிறகு, மூடி மேசை மேல் உட்கார்ந்து சிரிக்கும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்ய நேரும்.

குரல் கம்பி மட்டும் ஷீல்டு வயராக இருக்க வேண்டும். அதாவது உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை போலப் பின்னிய கம்பி. வலையைக் குரலின் எர்த்தோடு, 7ஆம் பின்னோடு, இணைக்க வேண்டும். பட்டனின் எர்த்தைத் தனிக் கம்பியில் கொண்டுபோக வேண்டும். இரண்டும் எர்த்தானே, சேர்த்துவிட்டால் ஒரு கம்பி மிச்சம் என்று தோன்றும். குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தண்ணீர்தானே என்று யாரும் சேர்ப்பதில்லை. பட்டனின் வழியில் பெட்டியின் மற்றப் பகுதிகளின் மின்சாரமும் ஓடும். அது குரலின் எர்த்தில் கலந்தால் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் குரலோடு சேர்ந்து போகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்டி 100 வாட் சக்தியை ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது. அந்த அலை அறைக்குள்ளும் பரவும். நீண்ட மைக் வயர் தானே ஓர் ஆன்டெனா போல அதைப் பிடித்துப் பெட்டிக்குள் திரும்பக் கொண்டுவரும். பேசுபவர் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலக் கொரகொரக்கும். மெதுவாகப் பேசினால் சரியாக இருக்கும். உரக்கப் பேசினால் கெடும். இப்படி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். குரல் கம்பிக்கும் அதன் எர்த்துக்கும் குறுக்கே 0.001 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பிளக்குக்குள்ளேயே வைக்கலாம். வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றியும் பார்க்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் பேச்சு

வயர் தயார். உடனே பெட்டியில் செருக வேண்டாம். முதலில் இணைப்பு வயரை மட்டும் மீட்டரால் சோதிக்க வேண்டும். ஒரு முனையின் ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, வோல்ட் வரும் பின் எர்த்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டனை அழுத்தியும் ஒருமுறை, விட்டும் ஒருமுறை.

பிறகு பெட்டியை அணைத்துவிட்டுச் செருக வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி அந்த இடத்தில் டம்மி லோடு வைக்க வேண்டும். அது 50 ஓம் ரெசிஸ்டர். அனுப்பும் சக்தியை வெப்பமாக்கித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும், வானத்துக்கு விடாது. ஆன்டெனாவும் இல்லாமல் டம்மி லோடும் இல்லாமல் பட்டனை அழுத்தக் கூடாது. சக்தியை மிகக் குறைவாக வைத்து, மைக் கெய்னைக் குறைத்து, பட்டனை அழுத்திப் பேசிப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிவது போதாது. பேசும்போது மீட்டர் குரலோடு ஏறி இறங்க வேண்டும். பட்டனை விட்டதும் பெட்டி உடனே கேட்கும் நிலைக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து ஆன்டெனாவை இணைத்து, இன்னொரு ஹாமிடம் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். உங்கள் குரலை நீங்கள் சரி என்று சொன்னால் போதாது. மறுமுனையில் இருப்பவர் சொல்ல வேண்டும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளி மைக்கைப் பிடித்தால் போதும். கத்த வேண்டாம். கத்தினால் குரல் தூரம் போகாது. உடைந்து, பக்கத்து அலைவரிசையில் பேசுபவரைத் தொல்லை செய்யும். முகாம் நேரத்தில் பக்கத்து அலைவரிசையில் இருப்பவரும் ஓர் ஊருக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் சரியானதும் இணைப்பு வயரின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, எந்த மைக்குக்கு, எந்தப் பெட்டிக்கு என்று எழுத வேண்டும். பின் எண்களை எழுதிய காகிதத்தை மடித்து வயரோடு கட்டி, பேட்டரி வைத்திருக்கும் பையிலேயே போட்டு வைக்க வேண்டும். புயல் முகாமில் அந்தப் பையைத் திறப்பவர் வயரைச் செய்தவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது.